ஓநாய் குலத்தாருக்குக் கடன் உண்டு

அன்று சாப்பாட்டுக் கடையில் இருந்தவர்கள் நான்கே பேர்: கடைக்கார ‘விசாரணை’ அண்ணாச்சி, துறைமுகக் குமாஸ்தா சூசை, தொப்பி போட்ட அமெரிக்கர் ஒருவர், கடைசிப் பலகையில் நான். அமெரிக்காவைக் கண்டுபிடித்தது யாராக இருந்தாலும் இருக்கட்டும்; அங்கிருந்து வந்த ஒருவரிடம் “உன் தாய்மாமன் யார்?” என்று கேட்ட முதல் மனிதர் எங்கள் அண்ணாச்சிதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், ரங்கூன் சூலே பகோடாவுக்குப் பின்தெருவில் இருந்தது அவர் கடை. கடன் வேண்டுமானால் தாய்மாமன் பெயரும் ஊரும் சொல்ல வேண்டும். “அப்பன் ஓடிருவான், அண்ணன் கைய விரிச்சிருவான். மாமன் இருக்கிறவன்தான் திரும்பி வருவான்” என்பது அவர் கட்சி. மாமன் பெயர் சட்டென்று வாயில் வராத போலீஸ்காரர் ஒருவர் பட்டினியாகத் திரும்பியிருக்கிறார்.

என் அம்மாவோடு பிறந்தவர் யாருமில்லை. ஆகவே எனக்குக் கடனும் இல்லை. மோல்மீன் மரமில்லிலிருந்து அப்பா அனுப்பிய பணம் நின்றுபோய், கைக்காசு அன்றைய சோற்றோடு தீர்ந்தது. அடுத்த மாதம் எட்டாம் வகுப்புப் பரீட்சை. மோரை ஊற்றிக்கொண்டால் சாப்பாடு முடிந்துவிடுமே என்று ரசத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

அமெரிக்கர் வடக்கே எண்ணெய்க் கிணறு தோண்டுபவர். கப்பலேற வந்த இடத்தில் பணப்பையைப் பறிகொடுத்துவிட்டு, நாளைக்குக் காசு தருவதாகச் சோறு கேட்டார்.

“மாமன் யாருன்னு கேளும்” என்றார் அண்ணாச்சி.

சூசைக்கு வேர்த்தது. “துரைகிட்ட அதெல்லாம் கேக்கப்படாது, அண்ணாச்சி.”

“துரை என்ன மரத்துல காய்ச்சாரா? கேளும்வே.”

சூசை, முன்னும் பின்னும் மன்னிப்பு வைத்து ஆங்கிலத்தில் கேட்டார். அமெரிக்கர் தொப்பியைக் கழற்றினார். பர்மாவில் தம்மிடம் கேட்கப்பட்ட முதல் முறையான கேள்வி இதுதான் என்றார். தாம் செரோக்கி என்றார்.

எங்கள் பூகோளப் புத்தகத்தில் அமெரிக்கப் பழங்குடி என்றால் தலையில் இறகு இருக்கும். நான் தொப்பிக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். இல்லை. தங்கள் சொந்த எழுத்தில் பத்திரிகையே அச்சடித்த ஜனமாம். ஏழு குலமாம். பிள்ளைக்கு அம்மாவின் குலம்தானாம். கண்டித்து வளர்ப்பவன் தாய்மாமனாம். இவர் ஓநாய் குலம்.

“அப்பன்?”

“வேற குலமாம். வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரியாம்.”

“நம்ம ஆளுய்யா! ரெண்டு அப்பளம் போடு!” என்று உத்தரவிட்டு, வேறு ஆள் இல்லாததால் அண்ணாச்சியே கொண்டுவந்து போட்டார்.

ஓநாய்க்குக் கடன் உண்டு, எனக்கு இல்லை.

அண்ணாச்சி என்னைக் காட்டினார். “இந்தப் பயலுக்கு மாமனே கிடையாது. இப்படிப் பிறந்தவனை அங்க என்ன செய்வாங்க? கேளும்.”

சூசை கேட்டுச் சொன்னார்: “அப்படி யாரும் பிறக்கவே முடியாதாம். அம்மா குலத்து ஆம்பிளை அத்தனை பேரும் மாமன் முறைதானாம். தெரியாத ஊருக்குப் போனாலும் அந்தக் குலத்து வீட்டுல இலை போட்டுருவாங்களாம்.”

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

“உங்க ஆத்தா எந்த ஊருடா?”

“சாத்தூர்.”

“நான் கோவில்பட்டி. கடலுக்கு இந்தப் பக்கம் ரெண்டும் ஒரே ஊருதான். துரைகிட்ட சொல்லும்வே, இவனுக்கு மாமன் நானுன்னு.”

நான் மோர் ஊற்றிக்கொண்டேன்.

மறுநாள் அமெரிக்கர் காசைக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். எனக்குக் கடன் சோறு கிடைத்தது; கணக்கில் மார்க் குறைந்தபோது மாமன் முறைப்படி காதும் திருகப்பட்டது. பரீட்சையில் தேறவில்லை. பள்ளிக்கூடம் அத்தோடு சரி. அதற்குச் சோறு பொறுப்பல்ல.

முதல் சம்பளத்தில் பாக்கியை எடுத்துக்கொண்டு, குறைந்துவிடுமோ என்று வழியெல்லாம் எண்ணிக்கொண்டே போனேன். அண்ணாச்சி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“அக்கா மகன்கிட்ட சோத்துக்குக் காசு வாங்குனேன்னு கேள்விப்பட்டா, அந்த ஓநாய் குலத்தான் என்னை மதிப்பானாடா?”

பதினோரு ரூபாய் ஆறணா. இன்றுவரை பாக்கி.