இருநூற்றிருபது கிலோ எங்கே?

தராசுத் துப்பறிவாளர் என்றோர் இனம் உண்டு. அவர் கண்ணெதிரே எந்தப் பொருளும் எடை குறையக் கூடாது. குறைந்தால் பக்கத்தில் ஒரு திருடன் நின்றே ஆக வேண்டும். காற்று என்றொன்று இருப்பதை அவர் மூச்சுவிடுவதற்கு மட்டும் ஒப்புக்கொள்வார்.

சான்சிபார்க் கடற்கரையில் சுண்ணாம்புச் சூளை வைத்திருக்கும் கதிபு இந்த இனத்தின் முடிசூடா மன்னர். அப்பா காலத்தில் கூடைக் கணக்குதான். மகன் கொக்கித் தராசு வாங்கினார், பிடித்தது சனி! தென்னங்கட்டைமேல் பவளக்கல்லை அடுக்குமுன் ஒவ்வொரு கூடையையும் நிறுப்பார், சூளை ஆறியதும் சுட்ட கல்லை மறுபடி நிறுப்பார், பிறகு தடித்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருக்கும் வேலையாட்களின் வயிற்றைச் சந்தேகத்தோடு பார்ப்பார். கல்லை யார் ஐயா தின்பார்கள்?

இம்முறை மாட்டியவன் சூளைத் தீயைப் பார்த்துக்கொண்ட மகாமே.

"உள்ள போனது ஐந்நூறு கிலோ. வெளிய வந்தது இருநூத்தியெம்பது. மிச்சம் எங்கடா?"

"சூளையை விட்டு நான் நகரவேயில்ல முதலாளி!"

"சாயங்காலத்துக்குள்ள கொண்டு வந்து வை. இல்லேன்னா மசூதி வாசல்ல திருடன்னு சொல்லிட்டு உன்னை வேலையை விட்டு அனுப்பிருவேன்."

மகாமேக்கு அடுத்த மாதம் கல்யாணம். 'திருடன்' என்ற பேச்சு மாமனார் காதில் விழுந்தால் பெண் கிடைப்பாளா?

கல்லுக்குத் தண்ணீர் விட்டு நீற வைக்கும் ரிஸிகிக்குப் பொறுக்கவில்லை. கதிபுவின் அப்பா காலத்திலிருந்தே இருப்பவள், அவளுக்கு யாரிடம் பயம்?

"தம்பி, பத்து கிலோ சுட்ட கல்லு நிறுத்துக் குடு. மூணு கிலோ தண்ணி ஊத்துறேன். பக்கத்துலயே நின்னு பாரு."

ஊற்றினாள். கல் சீறிப் பிளந்தது. கதிபு குனிந்து முகர்ந்து பார்த்தார். தண்ணீரெல்லாம் மாயமாகி, உலர்ந்த வெள்ளைப் பொடி கிடந்தது. நிறுத்தார்: பன்னிரண்டே முக்கால்.

"பாத்தியா! நான் பக்கத்துல நின்னேன், எடை கூடிடுச்சு!"

"அட ராசா! தண்ணி கல்லுக்குள்ள போச்சு, கூடிச்சு."

"அப்போ மிச்சம் கால் கிலோ?" குரல் உயர்ந்தது. "யாரு எடுத்தா?"

"உன் கண்ணாடியைப் பாரு."

கழற்றினார். இரண்டு வில்லையிலும் ஆவி முத்து முத்தாகப் பூத்திருந்தது. சூளைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"தண்ணியில கொஞ்சம் ஆவியாப் போச்சு. அதே மாதிரி கல்லுக்குள்ள இருந்த காத்தும் தீயில வெளியேறி, புகையோட மேல போச்சு. எதுவும் அழியல தம்பி, இடம் மாறியிருக்கு. இவன் மடியில இல்ல."

கதிபு புகை போன வழியை அண்ணாந்து பார்த்தார்.

"சரி, நீ எடுக்கல," என்றார் கடைசியில். அப்பாடா! பேர் தப்பியது. மகாமே ரிஸிகியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"ஆனா இருநூத்தியிருபது கிலோ என் வீட்டுக் கூரைக்கு மேலயே போயிருக்கு, யாரும் தடுக்கலையே? நாளையிலேர்ந்து மகாமே, நீ புகைக்குக் காவல்!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ கறி சட்டியில் சுண்டி முக்கால் கிலோவானபோது, மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, நீங்கள் முதலில் யார் முகத்தைப் பார்த்தீர்கள்?