பானெட்டுக்குள் அந்தோனியார்

வாய்ப்பூட்டு போட்ட வண்டி எனக்கு வேண்டாம் என்று அதெலினோ சபதம் செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்தவர் சட்டையின் மேல் பட்டனைக்கூடக் கழற்றவில்லை. எழுபத்தொரு வயதில் ஒருவர் எடுக்கும் சபதங்களில் பெரும்பாலானவை இனிப்பைப் பற்றியவை. இவருடையது டீசல் பிக்கப்பைப் பற்றியது.

பக்கத்துப் பண்ணை செஃபெரினோ அந்த வாரம்தான் வெள்ளை நிறத்தில் ஒன்று வாங்கியிருந்தார். கலிஃபோர்னியாவின் புகைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட, உள்ளூர்க் கடையில் வாங்கிய வண்டி. அதெலினோ அதைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். காதை பானெட்டில் வைத்தார். பிறகு நிமிர்ந்து, கழுத்தில் கம்பளி சுற்றிக்கொண்டு பாடுகிற மாதிரி இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

வண்டியின் குரலில் அவருக்கு அப்படியென்ன அக்கறை என்று கேட்கலாம். நாற்பத்தாறு வருடம் அவர் மாடு வைத்திருந்தவர். கஸ்டைன் ஊருக்கு வெளியே முந்நூறு கறவை. பழைய டீசல் பிக்கப்பை விடியலில் கிளப்பினால் போதும், தொலைவில் படுத்திருக்கும் மாடுகள் எழுந்து வாசற்கதவுக்கு நடந்து வரும். திரும்பி வரும்போது அதே சத்தத்தைக் கேட்டு அடுப்படியில் மனைவி இதலினா காப்பிக்குத் தண்ணீர் வைப்பாள். அந்தக் குரலுக்கு வீடும் தொழுவமும் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. மாடுகளை விற்று மூன்று வருடம் ஆகிவிட்டது. பழைய பிக்கப் அதற்கு முன்பே துருப்பிடித்து ஓய்ந்துபோனது. இப்போது இருக்கும் சின்னப் பெட்ரோல் கார் கிளம்புவது கார் ஓட்டுகிறவருக்கே கேட்பதில்லை.

நெவாடாவில் வாங்கப் போகிறேன் என்றார். அங்கே வண்டிக்கு வாய்ப்பூட்டு கிடையாது என்பது அவருடைய முடிவு.

காப்பி குடிக்க வந்திருந்த செஃபெரினோ தொண்டையைக் கனைத்தார். கலிஃபோர்னியாவின் புகை முத்திரை இல்லாத புது வண்டியை இங்கே பதிவு செய்யமாட்டார்கள், வாங்கும்போது அது ஏழாயிரத்து ஐந்நூறு மைலாவது ஓடியிருக்க வேண்டும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

இதலினா இனிப்பு ரொட்டியை அறுத்துக்கொண்டே கேட்டாள். "முத்திரை இருந்தா?"

செஃபெரினோ வாயைத் திறப்பதற்குள் அதெலினோ முந்திக்கொண்டார். "நெவாடா வண்டியில கலிஃபோர்னியா முத்திரை எப்படி இருக்கும்? உனக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்?"

"எனக்கு என்ன தெரியும்" என்று ஒப்புக்கொண்டாள் இதலினா. பெரிய துண்டை செஃபெரினோவின் தட்டில் வைத்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாற்பத்தாறு வருடமும் பால் அதிகாரிகளும் தண்ணீர் அதிகாரிகளும் கொண்டுவந்த காகிதங்களை எல்லாம் கடைசி வரி வரை படித்தது இதலினா. அதெலினோ கையெழுத்து மட்டும் போடுவார். கண்ணாடி போட்டால் கிழவன் மாதிரி தெரியும் என்பது அவருடைய எண்ணம்.

மறுநாளே திட்டம் தயார். இதலினாவின் அண்ணன் ஜெர்மானோ நெவாடாவில் ஃபாலன் ஊரில் இருக்கிறார். காசு அதெலினோவுடையது, பெயர் ஜெர்மானோவுடையது. மச்சான் வாங்குவார், மச்சானே ஓட்டுவார், மைல் நிறைந்ததும் பழைய வண்டியாக இவருக்கு விற்பார். சட்டம் ஒரு கதவைச் சாத்தினால் அதெலினோ ஜன்னல் வழியே வருவார். இரண்டு நாள் அந்தப் பெருமையில் தூக்கம்கூட வரவில்லை அவருக்கு.

சிவப்பு வண்டி. மலைக் கணவாய் தாண்டிப் போய் அதெலினோ அதை முதல்முறையாகப் பார்த்தார். ஜெர்மானோ சாவியைத் திருகினார். அதெலினோ பானெட்டைத் தூக்கி, இரண்டு கையையும் விளிம்பில் ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டார். கோயிலில்கூட அவர் அப்படி நின்றதில்லை.

"கேட்டியா? இதுதான் குரல். அந்த வெள்ளை வண்டி இருமும். இது பேசுது."

பக்கத்தில் இதலினா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பானெட்டின் அடிப்பக்கத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ற?"

"புது வண்டியில தூசி" என்றாள். சற்று நேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கைப்பையிலிருந்து புனித அந்தோனியார் படம் ஒன்றை எடுத்தாள். உள்ளங்கை அகலம், பின்னால் பசை தடவியது, திருவிழாவில் வாங்கியது. அதைத் துடைத்த இடத்தில் அழுத்தி ஒட்டினாள். தொலைந்ததை எல்லாம் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர், வழித்துணைக்கு இருக்கட்டும் என்றாள். அதெலினோ தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்துப் போன் செய்தால் வண்டி இருநூற்றுப் பன்னிரண்டு மைல் ஓடியிருந்தது. ஜெர்மானோ கோயிலுக்குப் போவார், காப்பிக் கடைக்குப் போவார், இரண்டும் ஒரே தெருவில் இருந்தன. புதிதாக இருக்கிறதே என்று மழை நாளில் வெளியே எடுப்பதில்லை. வெயில் நாளில் சாயம் போய்விடும் என்று எடுப்பதில்லை. அதெலினோ சுவர் நாட்காட்டியின் முன்னால் நின்று விரல் விட்டுப் பார்த்தார். இந்த வேகத்தில் வண்டி வீட்டுக்கு வரும்போது அவருக்கு எழுபத்தேழு வயது ஆகியிருக்கும்.

"நானே போய் ஓட்டறேன்" என்றார்.

"எங்க?"

"எங்கயாவது. சும்மா ஃபாலனைச் சுத்திச் சுத்தி."

"சுத்தினா தலைதான் சுத்தும். மைல் வேணும்னா எங்கயாவது போய்த்தானே ஆகணும்?" இழுப்பறையைத் திறந்து ஒரு வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தாள். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பின்பக்கம் பசைத்தாள் ஒட்டியது. எப்போது ஒட்டினாள் என்று அவருக்குத் தெரியவில்லை. "அக்கா ஐடஹோவுல இருக்கா. போக வர எண்ணூறு."

எண்ணூறு என்றதும் அதெலினோவின் முகம் மலர்ந்தது. அந்த அக்காளை அவருக்கு ஆகாது. ஆனால் மைலுக்கு அக்கா என்ன, தங்கை என்ன.

அப்படித்தான் ஆரம்பித்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சின்னக் காரில் கணவாய் தாண்டுவார்கள். ஜெர்மானோ வீட்டில் அதை நிறுத்திவிட்டுச் சிவப்பு வண்டியில் ஏறுவார்கள். ஐடஹோ அக்கா. அரிசோனாவில் பிள்ளை பெற்ற ஒரு தூரத்து மருமகள். யூட்டாவில் கல்லெல்லாம் சிவந்து நிற்கும் ஒரு பள்ளத்தாக்கு. அங்கே அவர்களுக்கு யாருமே இல்லை. ஆனால் போக வர நாலு முழு நாள் என்று இதலினா சொன்னதும் அதெலினோ சாவியை எடுத்துவிட்டார். ஒவ்வொரு பயணத்துக்கும் அவள் தொத்திறைச்சியும் ரொட்டியும் கட்டுவாள். ஒவ்வொரு மாலையும் அவர் மீட்டரைப் பார்த்துச் சிகரெட் அட்டையில் குறித்துக்கொள்வார். நான் ஓட்டுவதற்கு இவள் துணைக்கு வருகிறாள், நல்ல மனசு என்று ஜெர்மானோவிடம் சொல்லியும் வைத்தார்.

ஆறாவது மாதம் அவள் வரைபடத்தில் வடக்கே ஒரு நீலப் புள்ளியைத் தொட்டாள். ஆரிகன். எரிமலை வாய்க்குள் தேங்கிய ஏரி.

அதெலினோ அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கல்யாணம் ஆன மறுநாள் அவர்கள் கிளம்பியது அந்த ஏரிக்குத்தான். வழியில் இருக்கும் ரெடிங் ஊர் வரை போய்விட்டார்கள். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையிலிருந்து வீட்டுக்குப் போன் செய்தபோது, பால் கறக்கும் ஆள் கையை உடைத்துக்கொண்டான் என்றார்கள். மாடுகளுக்கு யாருக்குக் கல்யாணம் ஆனது என்று தெரியாது, காலையும் மாலையும் மடி கனத்துவிடும். சாப்பாடு வருவதற்கு முன்பே திரும்பினார்கள். அடுத்த வருடம் போகலாம் என்றார் அவர். அடுத்த வருடம் என்று நாற்பத்தாறு முறை சொல்லியிருக்கிறார். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். கேட்காததால் மறந்துவிட்டாள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

இந்த முறை ரெடிங் பக்கம் போகத் தேவையில்லை. ஃபாலனிலிருந்து வேறு வழி. ஏரி விளிம்பில் வண்டியை நிறுத்தியபோது மூன்றரை மணி. இதலினா பெட்டியிலிருந்து ஒரு நீலத் துணியை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டாள். கல்யாணம் ஆன மறுநாள் பயணத்துக்கென்று வாங்கிய துணி. ஒரு தடவைகூட விரிக்கப்படாமல் நடுவில் மடிப்புக் கோடு வெளுத்திருந்தது. ஏரிக்கும் அதே நீலம். காற்று அடித்தபோது துணி படபடத்தது, மடிப்பு மட்டும் போகவில்லை.

அதெலினோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாலைக் கறவை நேரம். விரல்கள் தானாக மடங்கின.

இதலினா அவர் மணிக்கட்டைப் பிடித்து, வாரை அவிழ்த்து, கடிகாரத்தைத் தன் கைப்பைக்குள் போட்டாள். இரண்டு பேரும் வெயில் சாயும்வரை அங்கேயே நின்றார்கள். அன்று மாலை மைலைக் குறிக்க மறந்துவிட்டார் அவர். அவள்தான் அட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

எட்டாவது மாதம் மீட்டர் ஏழாயிரத்து ஐந்நூற்று நாற்பதைக் காட்டியது. ஜெர்மானோ முறைப்படி எழுதிக் கொடுத்தார். அதெலினோ எல்லையைத் தாண்டும்போது, ஒரு ராஜ்யத்தை ஏமாற்றி உள்ளே நுழைகிறவரைப்போல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். வீட்டு வாசலில் செஃபெரினோவின் வெள்ளை வண்டிக்குப் பக்கத்தில் வேண்டுமென்றே நிறுத்தி, இரண்டு எஞ்சினையும் ஓடவிட்டு வித்தியாசத்தை விளக்கினார். கம்பெனி ஒன்று, மாடல் ஒன்று, ஆனால் இது சுதந்திரமாகப் பிறந்தது என்றார். செஃபெரினோவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. காது சரியில்லாத ஆள் என்று அதெலினோ இரக்கப்பட்டார்.

பதிவுக்கு முன்னால் புகைச் சோதனை. லாஸ் பேனோஸில் ஒரு பட்டறை. யெசேனியா என்று சட்டையில் பெயர் தைத்த ஒரு பெண் பானெட்டைத் தூக்கினாள். உள்ளே விளக்கைப் பிடித்தாள். இதலினா வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

"ஐயா, இந்தச் சாமி படத்துக்குப் பின்னாடிதான் கம்பெனி ஒட்டின புகை முத்திரை ஸ்டிக்கர் இருக்கும். நான் பாக்கணும்."

"எட்டு மாசமா இருக்கார். அவரைத் தொடாதம்மா" என்றார் அதெலினோ.

தொடாமல் கையெழுத்துப் போட முடியாது என்று அவள் தன்மையாகச் சொன்னாள். சிலுவை போட்டுக்கொண்டு, நகத்தால் ஓரத்தை நெம்பினாள். எஞ்சின் சூட்டில் பசை காய்ந்திருந்தது. அந்தோனியார் முழுசாக உரிந்து வந்தார். அவள் அவரைத் துடைத்து, மரியாதையாக அதெலினோவின் கையில் கொடுத்தாள். பிறகு ஸ்டிக்கரைப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள்.

"இது கலிஃபோர்னியா முத்திரை உள்ள வண்டிதானே, ஐயா. எல்லா மாநிலத்துக்கும் ஒரே மாதிரி செஞ்சது. வாங்கின அன்னிக்கே நேரா வீட்டுக்கு ஓட்டிட்டு வந்திருக்கலாமே. எதுக்கு இவ்வளவு மைல்?"

அதெலினோ கண்ணாடி இல்லாமலே அந்த ஸ்டிக்கரைப் பார்த்தார். எழுத்துகள் மங்கலாகத்தான் தெரிந்தன. கைக்குட்டையால் துடைத்த ஒரு கை மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

அந்தோனியாரைப் பிடித்துக்கொண்டே நடந்து போய், ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். இதலினா மடியில் வரைபடத்தை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ படிச்சியா?"

"படிச்சேன்."

"எப்ப?"

"நீ கண்ணை மூடிக்கிட்டு நின்ன பாரு, அப்ப."

"சொல்லியிருக்கலாமே."

"நாற்பத்தாறு வருசம் சொன்னேனே, மனுஷா. அது மைல் கணக்குல சொல்லணும்னு எனக்குத் தெரியாது."

ஏரியின் நீலமும் மடிப்புப் போகாத துணியும் அவர் நினைவுக்கு வந்தன.

இதலினா அந்தோனியாரை அவர் கையிலிருந்து வாங்கி, எச்சில் தொட்டு, முன்கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டிப் பார்த்தாள். ஒட்டிக்கொண்டார். ஐடஹோவில் அக்கா வீட்டில் குடையை விட்டுவிட்டு வந்த விஷயத்தை அப்போதுதான் சொன்னாள். போய் எடுத்துவந்துவிடலாம், வண்டிதான் நம்முடையது ஆகிவிட்டதே என்றாள்.

அதெலினோ சாவியைத் திருகினார். எஞ்சின் கிளம்பியது. அச்சு அசல் செஃபெரினோவின் வண்டி மாதிரியே இருமியது.