லாரி போவட்டும், சொல்றேன்

எங்கள் தெருக்காரர்கள் எல்லோரும் வாழ்க்கையை இரண்டு முறை வாழ்ந்தவர்கள். முதல் முறை அவரவர் பாட்டுக்கு வாழ்ந்தோம். இரண்டாவது முறை, ஒரு காலேஜ் பையன் கேட்டுக்கொண்டதற்காக வாழ்ந்தோம்.

அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் திருவொற்றியூரில், எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய எங்கள் தெருவில் அவன் பெயர் ‘இன்னொருவாட்டி’. யார் எதைச் சொன்னாலும் அவன் வாயில் வருகிற முதல் பேச்சு அதுதான். “சூப்பர்க்கா! அதையே இன்னொரு வாட்டி சொல்லேன்.”

என் பிள்ளைகள் இப்போது சாம்பார் கொதிப்பதைக்கூட போனில் வீடியோ எடுக்கிறார்கள். எடுத்ததை மறுபடி பார்ப்பதும் இல்லை. அவர்களுக்கும் அவர்கள் வயதுப் பிள்ளைகளுக்கும் இவனைப் பற்றிச் சொல்லவேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக எண்ணம். நான் எட்டாவது வரை படித்தவன். லாரிகளை எடை போடும் மேடையில் வேலை பார்த்தவன். என் எழுத்தில் குறை இருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகிற ஆளிடம் குறை கிடையாது.

இரண்டாயிரம் பிறந்த புதிது. காலேஜில் அவன் ஏதோ படம் பிடிக்கிற படிப்புப் படித்தான். “கதைய பேப்பர்ல எழுதுறதெல்லாம் பழசுண்ணா. இனிமே சவுண்டு, படம், ரெண்டையும் கம்ப்யூட்டர்ல சேத்துக் கதை சொல்லணும். டிஜிட்டல் கதை!” என்பான்.

எனக்குத் தெரிந்த டிஜிட்டல், எடை மேடையில் சிவப்பாக எரியும் எண்கள்தான். “அதுல இன்னாடா கதை கீது?” என்றேன்.

பதிலுக்கு அவன் மேடை மேல் லாரி ஏறுகிற சத்தத்தைப் பதிவு செய்தான். செய்துவிட்டு டிரைவரிடம், “அண்ணா, எறங்கிட்டு இன்னொரு வாட்டி ஏறுங்களேன்” என்றான்.

“தம்பி, இது இன்னா குதிர சவாரியா?” என்றார் அவர். ஆனாலும் இறங்கி ஏறினார். அவனிடம் மறுக்க முடியாது. கேட்கும்போது அவன் முகம் அப்படி இருக்கும்.

மைக்கைக் கட்ட நீளமான கம்பு வேண்டும் என்று என் வீட்டு ஒட்டடைக் கம்பை வாங்கிக்கொண்டு போனான். கடல்காற்று இரையாமல் இருக்க மைக்குக்கு ஒரு சாக்ஸை மாட்டினான். வெள்ளை சாக்ஸ், மேலே நீலக் கோடு. ரோட்டோரம் ஆப்பக் கடை வைத்திருந்த பாக்கியத்தின் மகள் கௌரி, தனக்குச் சின்னதாகிப் போன பள்ளிக்கூட சாக்ஸை அவனுக்குக் கொடுத்திருந்தாள். தலையில் பெரிய ஹெட்போன், தோளில் சாக்ஸ் போட்ட கம்பு. அந்தக் கோலத்தில் அவன் வந்தால் தெரு நாய்கள் குரைக்காது. குரைத்தால் இன்னொரு வாட்டி குரைக்கச் சொல்வான் என்று அவற்றுக்கும் தெரிந்திருந்தது.

“என் வூட்டுக் கம்ப எட்த்துகினு போய் ஊரு கதைக்கெல்லாம் ஒட்டட அடிக்கிறான். இங்க மூலைக்கு மூலை சிலந்தி குடும்பம் நடத்திகினு கீது” என்று என் மனைவி தினமும் சொல்லுவாள். கம்பு மட்டும் திரும்பி வரவில்லை.

ஒரு நாள் அடிபம்பில் இரண்டு பெண்களுக்குள் பெரிய சண்டை. குடம் உருண்டது. மாமியார், நாத்தனார் எல்லாரும் பேச்சில் வந்து போனார்கள். இவன் கம்பை நீட்டிக்கொண்டு நடுவில் நின்றான். சண்டை உச்சிக்குப் போகிற நேரம் பார்த்து அவன் மெஷினில் பேட்டரி போய்விட்டது.

“அக்கா, அக்கா! ஒரு நிமிஷம். பேட்டரி மாத்திக்கிறேன். அந்த ‘ஒம் மூஞ்சிக்கு’லேர்ந்து இன்னொரு வாட்டி!”

இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

“அய்ய, இருந்த கோவம் போச்சேப்பா. இப்ப கூப்ட்டா வருமா?” என்றாள் ஒருத்தி.

“நா வேணா ஆரம்பிக்கறேன், நீ அப்பால வா” என்றாள் மற்றவள்.

“இல்லமே, அதுக்கு முன்னால நீ எங்க மாமியார இஸ்த்த.”

“ஆமால்ல! மறந்துட்டேன் பாரு.”

ஒருத்திக்கு மறந்ததை மற்றவள் எடுத்துக்கொடுத்தாள். பாதியிலேயே இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் ஒருத்தி பம்பை அடிக்க, மற்றவள் குடத்தைப் பிடித்தாள். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் சண்டைகள் குறைந்துபோயின. யார் ரெண்டாம் தடவை வேறு போடுவது?

கல்யாண வீடியோ எடுக்கிற கடையில் கெஞ்சி ஒரு பழைய கேமராவும் வாங்கி வந்தான். எங்கள் ஆட்களுக்கு கேமரா என்றால் போட்டோதான். டீக்கடை ரஹீம் பாயைத்தான் முதலில் எடுத்தான். பாய் டீ கிளாஸைத் தூக்கிப் பிடித்தபடி, கண் இமைக்காமல், மூச்சு விடுகிறாரா என்று சந்தேகம் வரும்படி நின்றார். பின்னால் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

“பாய், பேசுங்க பாய். பால் பொங்குது!”

உதடு அசையாமல் பாய் சொன்னார்: “பொங்கட்டும். நீ மொதல்ல போட்டோவ எட்த்து முடி.”

அப்படிப்பட்டவனுக்கு ஒரே ஒரு பகை இருந்தது. லாரி.

துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் எங்கள் வாசலை ஒட்டித்தான் போகும். வீட்டுச் சட்டிப் பானை எல்லாம் அதிரும். அந்தச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசுவது வெளியூர்க்காரர்கள் வேலை. நாங்கள் அப்படிச் செய்வதில்லை. லாரி வந்தால், சொல்லிக்கொண்டிருந்த சொல்லைப் பாதியில் நிறுத்திவிடுவோம். தூக்கிய கை தூக்கியபடி இருக்கும். லாரி போனதும், விட்ட இடத்திலிருந்து தொடருவோம். “கத்திரி” என்று சொன்னவள் லாரி போனபின் “க்கா எவ்ளோ?” என்பாள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை ஒருத்தர் எங்கள் பக்கத்துப் பிள்ளை. “பொண்ண எனக்கு” என்று சொல்லி நிறுத்திவிட்டார். பின்னாலேயே லாரி மேல் லாரி. பெண்ணின் அப்பாவுக்குச் சட்டை நனைந்துவிட்டது. கடைசி லாரி போனபிறகுதான் “புட்ச்சிகீது” வந்தது.

இன்னொருவாட்டிக்கு இது பெரிய பேஜாரு. ஒவ்வொரு பேச்சிலும் நடுவில் ஒரு லாரி. காலடிப்பேட்டையில் தெரிந்தவர் ஒருவரின் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் ஒவ்வொரு லாரியாக, நகம் வெட்டுகிற மாதிரி வெட்டி எடுத்தான். எங்கள் தெருவைப் பற்றி ஒரு டிஜிட்டல் கதை தயாரானது. காலேஜில் கைதட்டினார்களாம். கேபிள்காரரும் தன் லோக்கல் சேனலில் போட்டார்.

தெருவே பாயின் கடை டிவி முன்னால் கூடியது. டிவியில் எல்லோரும் தண்ணீர் ஓடுகிற மாதிரிப் பேசினோம். யாரும் எங்கும் நிற்கவில்லை. பின்னால் கடல் அலை மெதுவாகக் கேட்டது. கடல் எங்கள் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சத்தத்தை நாங்கள் அதற்கு முன் அப்படிக் கேட்டதில்லை.

முடிந்ததும் எல்லோரும் கைதட்டினோம். பாக்கியம் மட்டும் கேட்டாள்: “சோக்கா கீது நைனா. இது எந்த ஊரு?”

அவன் சிரித்தான். ஆனால் அன்று யாரையும் எதையும் இன்னொரு வாட்டி சொல்லச் சொல்லவில்லை.

இதற்குமேல் சிரிப்பு கொஞ்சம் குறைவு, பிள்ளைகளே.

கௌரி அப்போது ஏழாவது படித்தாள். பள்ளிக்கூடம் ரோட்டுக்கு அந்தப் பக்கம். ஒரு நாள் காலை லாரி ஒன்று அவளை அடித்துத் தள்ளிவிட்டது. உயிர் தப்பியது பெரிய விஷயம். வலது கால் நொறுங்கிப்போனது. பல மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாகக் கிடந்து எழுந்து நடந்தாள். கால் கொஞ்சம் சாய்ந்துதான் நடை.

நடக்க ஆரம்பித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, “ஸ்கூலுக்கு எப்பம்மா?”

“காலு கீதுல்ல, போதும். படிப்பு வாணாம்” என்றுவிட்டாள் பாக்கியம். “அந்த ரோட்ட இனி நீ தாண்டக்கூடாது. லாரிய நிறுத்த ஒரு ஆளப் போடட்டும், அனுப்பறேன்.”

நாங்களும் மனு கொடுத்தோம். பார்க்கலாம் என்றார்கள். கௌரி ஆப்பக் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து தேங்காய் துருவினாள். அந்தப் பக்கம் மணி அடித்தால் துருவுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள்.

ஒரு நாள் மத்தியானம் இன்னொருவாட்டி அவள் கடைக்கு வந்தான். கம்பு, ஹெட்போன் எல்லாம் இருந்தது. “அக்கா, அன்னிக்கி நடந்தத சொல்லு. நான் எட்த்துகினு போய் ஆபீசருக்குப் போட்டுக் காட்றேன்.”

நானும் அங்கே இருந்தேன். அடுப்பை அணைத்துவிட்டுப் பாக்கியம் பேசினாள். அதுவரை எங்களில் யாருக்கும் அவள் இதைச் சொன்னதில்லை.

“டிபன் டப்பாவ உட்டுட்டுப் போய்ட்டா. ரோட்ட தாண்டுனப்புறம் ஞாபகம் வந்து திரும்புனா. நா பாத்துட்டேன். ‘கௌரீ’ன்னு கூப்ட்டேன். அங்கயே நில்லு, நா கொண்டாறேன்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள”

லாரி வந்தது. பாக்கியம் நிறுத்தினாள். நாங்களும் காத்திருந்தோம். லாரி போனது.

“இதேமாரி ஒரு லாரி வந்துச்சி. வாய மூடிகினேன். நம்ம மூடுவோமே, அப்டி. அது தாண்டுனதும் இவ கால வெச்சிட்டா. பின்னாலயே இன்னொன்னு. ஒரு தாயி கத்த மாட்டா? நா, லாரி போவட்டும், சொல்லிக்கலாம்னு நின்னுகினு இருந்தேன் நைனா.”

அவன் வாய் பழக்கத்தில் திறந்ததை நான் பார்த்தேன். உடனே மூடியதையும் பார்த்தேன். ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டான். எங்கள் தெருவில் அவன் ஒரே தடவையில் எடுத்த பேச்சு அது ஒன்றுதான்.

பிறகு பள்ளிக்கூட வாசலில் முட்டிபோட்டு, கௌரியின் கண் உயரத்தில் கேமராவைப் பிடித்து ரோட்டை எடுத்தான். அங்கிருந்து பார்த்தால் சக்கரங்கள்தான் தெரிகின்றன. அந்தப் படத்தோடு பாக்கியத்தின் குரலைச் சேர்த்தான். இந்த முறை ஒரு லாரியையும் வெட்டவில்லை.

அவன், பாக்கியம், நான், மூன்று பேரும் டிராபிக் போலீஸ் அதிகாரியைப் பார்க்கப் போனோம். ஏசி அறை. வெளிச்சத்தம் ஒரு துளி உள்ளே வராது. சிடியை அவருடைய கம்ப்யூட்டரிலேயே போட்டான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “என்னப்பா, ஒரே இரைச்சலா இருக்கு? லாரி சத்தத்தை எடுத்துட்டு, சுருக்கமா கொண்டு வாங்க” என்றார்.

“எடுத்துடலாம் சார். கம்ப்யூட்டர்லேர்ந்து எடுக்க எனக்குத் தெரியும். ரோட்டுலேர்ந்து எடுக்க உங்களுக்குத்தான் தெரியும்.”

நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. அவனை விட்டுவிட்டுப் பாக்கியத்திடம் திரும்பி, “நீங்களே சொல்லுங்கம்மா. என்ன வேணும் உங்களுக்கு?” என்றார். சிடி ஓடிக்கொண்டே இருந்தது.

“காலைல ஒரு ஆளு, சாயங்காலம் ஒரு” என்று பாக்கியம் விரலைத் தூக்கினாள். அந்த நேரம் கம்ப்யூட்டருக்குள் ஒரு லாரி வந்தது.

பாக்கியம் நின்றுவிட்டாள். தூக்கிய விரல் தூக்கியபடியே. உதவிக்கு நானும் “அய்யா” என்று ஆரம்பித்தவன், “அய்”யோடு நின்றுவிட்டேன். அவனும் சிலை மாதிரி நின்றான்.

“ஏன் நிறுத்திட்டீங்க? சொல்லுங்கம்மா. ஏம்மா, சொல்லுங்க!” அதிகாரி எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

கம்ப்யூட்டரில் லாரி போய் முடிந்தது.

“ஆளு, சார். லாரிய நிறுத்தி, புள்ளைங்கள உடறதுக்கு” என்றாள் பாக்கியம்.

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். அவள் விரலைப் பார்த்தார். “இங்க லாரி இல்லையேம்மா” என்றார், குரலைத் தணித்து.

“எங்களுக்கு எங்கயும் கீது சார்.”

அவர் சிடியை முதலிலிருந்து போடச் சொன்னார். சத்தத்தைக் குறைக்கச் சொல்லவில்லை.

மறுநாளே எதுவும் நடந்துவிடவில்லை. ஆனால் அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று காலை, கையில் ‘நில்’ பலகையோடு ஒரு போலீஸ்காரர் எங்கள் ரோட்டோரம் வந்து நின்றார்.

பாக்கியம் கௌரிக்குத் தலை பின்னி, யூனிபாரம் போட்டு அழைத்து வந்தாள். தெருவே ரோட்டோரம் நின்றது. இன்னொருவாட்டி கம்பும் கேமராவுமாக முன்னால் நின்றான். போலீஸ்காரர் பலகையைத் தூக்கினார். லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. இன்ஜின்கள் தணிந்தன. அப்போது எங்களுக்குக் கடல் கேட்டது. அவன் கம்ப்யூட்டரில் லாரிகளை வெட்டி எடுத்துவிட்டுக் காட்டிய அதே சத்தம், நிஜமாக.

கௌரி காலைச் சாய்த்துச் சாய்த்துப் போனாள். நடு ரோட்டில் தயங்கித் திரும்பிப் பார்த்தாள்.

“போம்மா! நா இங்கதான் கீறேன்!” பாக்கியம் கத்தினாள். அந்த ரோட்டில் எங்கள் தெருக்காரர் யாரும் அப்படிக் கத்தி அதுவரை நாங்கள் கேட்டதில்லை. கௌரி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தாள்.

அப்புறம்தான் எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தோம். கேமரா மூடியைக்கூடக் கழற்றவில்லை. கம்பு தோளில் சாய்ந்திருந்தது.

“அடப்பாவி, எடுக்கலியாடா?” என்றேன்.

பாக்கியம் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். “இன்னா நைனா, அவள இன்னொரு வாட்டி தாண்டச் சொல்லட்டா?”

தெருவே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

“வாணாம்க்கா. ஒரு வாட்டி போதும்.”

படிப்பு முடிந்து வேலை கிடைத்து அவன் வெளியூர் போனபோது, எங்கள் வீட்டுக்கு வந்து கம்பைத் திருப்பிக் கொடுத்தான். சாக்ஸ் அதன் நுனியிலேயே இருந்தது. என் மனைவி அதை வாங்கி மூலையில் சாத்தி வைத்தாள். இத்தனை வருஷமாகியும் அந்த சாக்ஸை அவள் கழற்றவில்லை. எங்கள் வீட்டுச் சிலந்திகள் நிம்மதியாகக் குடும்பம் நடத்துகின்றன.