தானாகத் திறக்கும் திரை

பொதுமக்களை இனி வாயால் கூப்பிடலாகாது, திரையே எண் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று பதிவு அலுவலகம் மேன்மை பொருந்திய முடிவொன்றை எடுத்தது. கணினியைப் போட்டதும் அழைப்பு நிரல் தானாகத் திறந்துகொள்ள வேண்டும். இதைச் செய்து கொடுத்தால் ஒப்பந்தத்தில் இருந்த கணினிக்காரருக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மாதக் கடைசியோடு வீடு. வீட்டில் மாமனார் தினமும் இதைத்தான் விசாரித்துக்கொண்டிருந்தார்.

அலுவலகம் நாகரிகம் அடையாமல் இருந்திருந்தால் வேலை சுலபம்தான். கணினிகளுக்கு லினக்ஸ் இயங்குதளம் வந்த புதிதில், திரை முகப்பை அவரவர் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம் என்று யாரோ வாய் தவறிச் சொல்லிவிட்டார்கள். பொத்தான் நிறைய இருக்கிறதென்று பிறப்புப் பிரிவு கேடிஇ என்ற முகப்பை எடுத்தது. தேடியது எதுவும் உடனே அகப்படவில்லை, ஆகவே உயர்ந்ததாகத்தான் இருக்கும் என்று திருமணப் பிரிவு குனோம் எடுத்தது. ஆர்ப்பாட்டம் இல்லாதது போதும் என்று இறப்புப் பிரிவு எக்ஸ்எஃப்சிஇ எடுத்தது.

கணினிக்காரர் ஒரு சின்னக் கோப்பு எழுதினார். கணினி போட்டதும் தொடங்க வேண்டியவற்றுக்கென்று இருக்கும் கோப்புறையில் அதை வைத்தால் மூன்று முகப்பிலும் நிரல் திறக்கும். இதைப் பெருமையாக வெளியே சொன்னதுதான் தப்பு.

"மூணு பிரிவுக்கும் ஒரே கோப்பா?" என்றார் திருமணப் பிரிவு அதிகாரி.

"ஆமா மேடம். எங்க வச்சாலும் ஓடும்."

"செத்தவங்களுக்கு வச்சதையா கல்யாணத்துக்கும் வைப்பீங்க? எங்களுக்குன்னு தனியா ஒண்ணு பண்ணுங்க."

இப்படிப்பட்ட கோரிக்கைக்கும் லினக்ஸில் வழி இருப்பதுதான் கொடுமை. 'குனோமில் மட்டும் தொடங்கு' என்று கோப்பில் ஒரு வரி சேர்த்தார். விஷயம் தெரிந்து, அந்தக் கௌரவ வரி தங்களுக்கும் வேண்டும் என்று மற்ற இரு பிரிவுகளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டன. அவர்கள் கோப்பிலும் அவரவர் முகப்பின் பெயரைப் போட்டுச் சேர்த்தார்.

மறுவாரம் பிறப்புப் பிரிவு அதிகாரி ஆசைப்பட்டு குனோமுக்கு மாறினார். கண்டவர்களும் வைத்துக்கொள்கிறார்கள் என்று திருமணப் பிரிவு மேடம் உடனே எக்ஸ்எஃப்சிஇக்கு மாறினார். இறப்புப் பிரிவும் சளைக்காமல் கேடிஇக்குப் போனது. கோப்பில் இருந்த வரிகள் மட்டும் பழைய முகப்பின் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தன. ஒரு திரையும் திறக்கவில்லை. கூடம் நிறைய ஜனம், கூப்பிடத்தான் நாதியில்லை.

"அந்த வரிய எடுத்துட்டா சரியாயிடும் சார்," என்று பதிவாளரிடம் கெஞ்சினார் கணினிக்காரர்.

"குடுத்த கௌரவத்தத் திருப்பி வாங்க விதி இல்லையேப்பா."

மாதக் கடைசி நெருங்கிவிட்டது. பயந்துகொண்டேதான், யாரிடமும் சொல்லாமல் மூன்று வரிகளையும் அவர் நீக்கினார்.

மறுநாள் பத்து மணிக்குக் காவலாளி கணினிகளைப் போட்டதும் மூன்று திரைகளும் கணீரென்று கூப்பிட ஆரம்பித்தன. நாற்காலியில் அதிகாரிகள் இல்லை. முந்தின நாளே எண் வாங்கிப் போன பொதுமக்களும் இல்லை. வராதவரை விட்டுவிட்டு அடுத்த எண்ணுக்குப் போவது நிரலின் சுபாவம். பதினோரு மணிக்கு எல்லாரும் சாவகாசமாக வந்து சேர்ந்தபோது, கடைசி எண்ணையும் கூப்பிட்டு முடித்து, 'ஒத்துழைப்புக்கு நன்றி' என்று திரைகள் ஓய்ந்திருந்தன.

ஜனங்கள் கொதித்துப் போனார்கள். அதிகாலையில் கூப்பிட்டு மக்களை அவமதிக்கும் திரையைக் கண்டித்து மனு எழுதினார்கள். முதல் கையெழுத்து, மகளின் பெயரில் எழுத்துப்பிழை திருத்த வந்திருந்த கணினிக்காரரின் மனைவியுடையது.

"நீயே போடலாமா?" என்று கேட்டார் அவர், நொந்துபோய்.

"என் நம்பர் போச்சே. பத்து மணிக்கு யாருங்க ஆபீசுக்கு வருவாங்க?"

பதிவாளர் தம் பணிக்காலத்தில் முதல் தடவையாக மக்கள் பக்கம் நின்றார். நிரல் தானாகத் திறக்காமல் பார்த்துக்கொள்ளவும், உரிய வேளையில் கையால் திறந்து வைக்கவும் பொறுப்பான அலுவலர் ஒருவர் தேவை என்று உத்தரவு போட்டார். கணினிக்காரர் நிரந்தரமானார். மாமனார் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

நிரந்தரமான முதல் நாள், பதினோரு மணிக்குக் கூடத்தில் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதிசயமாக மூன்று அதிகாரிகளும் நாற்காலியில் இருந்தார்கள். எல்லாரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணினிக்காரர் இன்னும் வரவில்லை.