சலாம் சொன்னதால் மணப்பெண் வள்ளமான கதை

கிண்ணியா

அன்புள்ள மச்சான் முனாஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் இங்கு எல்லோரும் சுகம், என்னைத் தவிர.

மகள் ஆதிலா பிள்ளை பெற்று உள்ளறையில் இருக்கிறாள். பெற்ற உடம்போடு போன் பார்த்தால் கண் கெட்டுவிடும் என்று உங்கள் ராத்தா, அதுதான் என் வீட்டு அதிகாரி உம்மு குல்சும், அதைப் பிடுங்கிவிட்டாள். ஆனால் அந்தப் போனுக்குள்தான் மகளின் வேலை இருக்கிறது. வாட்ஸ்அப் மாதிரி ஒரு அரட்டைப் பெட்டி, படம் அனுப்பி "இதில் என்ன?" என்று கேட்கும், நாம் எழுதி அனுப்ப வேண்டும். உலகம் முழுக்க இப்படி எழுதுகிறார்களாம், கம்பியூட்டருக்குப் படிப்பிக்கிற வேலையாம். சும்மா விட்டால் கணக்கை மூடிவிடுவார்கள் என்று மகள் கலங்க, "துறைமுகத்தில கயிறு இழுத்தவனுக்கு இது பெரிய வேலையா? நான் பாக்கிறன்" என்று வாயைக் கொடுத்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் வாயையும் அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

முதற்படம் கரையில் இழுத்துவிட்ட மீன்பிடி வள்ளம். ஒரு ஆள் கேள்வி கேட்டால் சலாம் சொல்லாமல், சுகம் விசாரிக்காமல், எடுத்த எடுப்பில் பதில் சொல்வது நமது வழக்கமா? "அஸ்ஸலாமு அலைக்கும் மகன், சாப்பிட்டாச்சா?" என்று அனுப்பினேன். பெட்டி அதையே விடையாக எடுத்துக்கொண்டு அடுத்த படமாக ஒரு மணப்பெண்ணை அனுப்பியது. முதலில் கேட்டதற்குத்தானே முதலில் பதில் சொல்ல வேண்டும்? "பழைய வள்ளம், அடியில ஓட்டை, தார் பூச வேணும்" என்று எழுதினேன். அது மணப்பெண்ணுக்குப் போய்விட்டது. "மாஷா அல்லாஹ், வடிவான பொம்புள" என்றது அடுத்து வந்த எருமைப் படத்துக்குப் போனது. இப்படியே காலை முழுவதும் வரிசை தவறாமல் பிழைவிட்டேன்.

மத்தியானம் சிவப்பெழுத்தில் வந்தது: "விடைகள் பொருந்தவில்லை. நாளையும் இப்படியென்றால் கணக்கு மூடப்படும்." மகள் பாடுபட்டுச் சேர்த்த நல்ல பெயர் மச்சான்! அவளோ உள்ளே இருந்து கேட்கிறாள், "வாப்பா, வேல எப்பிடிப் போகுது?"

"கப்பல் மாதிரிப் போகுது மகள்." எந்தப் பக்கம் சரிந்து போகிறது என்று சொல்லவில்லை.

உங்கள் ராத்தா விடுவாளா? "என்ன, உங்கட மூஞ்சி கறுத்துக் கிடக்கு?"

"வெயில்."

"வீட்டுக்குள்ளயா?"

ஆகவே மச்சான், கம்பியூட்டர் திருத்துகிற நீங்கள்தான் எப்படியாவது அந்தப் பெட்டியைச் சமாதானப்படுத்த வேண்டும். ஆதிலாவுக்கு மட்டும் தெரியக்கூடாது. பச்சை உடம்பு, தாங்காது. உங்கள் வீட்டாருக்கு எங்கள் சலாம். உங்கள் கடையில் அல்லாஹ் பரக்கத்தைச் சொரியட்டும்.

இப்படிக்கு,
நிம்மதியிழந்த மச்சான்
கலீலுர் றஹ்மான்

பி.கு.: இதைப் படமெடுத்து உங்களுக்கு அனுப்பத் தெரியாமல் ராத்தாவிடம் கொடுத்தேன். அவளுக்கு மட்டும் தெரியுமா? நேரே கொண்டுபோய் ஆதிலாவிடமே நீட்டிவிட்டாள். "சிரிக்காத புள்ள, வயிறு நோகும்!" என்று தாய் கத்தக் கத்த, மகள் முழுவதும் வாசித்துச் சிரித்து, போனைப் பறித்து, "இண்டைக்கு எழுதினது என்ட வாப்பா, நான் திரும்பச் செய்து தாறன்" என்று பெட்டிக்கு இரண்டு வரி எழுதினாள். பெட்டி என் விடைகளைத் தள்ளிவிட்டுக் கணக்கை விட்டுவைத்தது. நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். "இதுதான் வாப்பா உங்களுக்குத் தோதான வேல" என்று பேரனை என் மடியில் போட்டிருக்கிறாள். மடி நனைந்துவிட்டது மச்சான், நிறுத்துகிறேன்.