இலவசத் தூக்கம்

"ஃபேனைப் போடாதேன்னு சொல்றேன்ல..."

"வேர்த்துக் கொட்டுதுங்க, போடத்தான் போறேன்..."

"போட்டா அத்தனையும் பறந்துடும்..."

"பறக்கட்டும். கட்டிலை ரோஜாப்பூவுக்குக் கொடுத்துட்டு நான் சோபாவுல சுருண்டு கிடக்கேன். ஊர்ல இருக்கிறவங்க நிம்மதியா தூங்கறதுக்கு நான் எதுக்கு முழிச்சிருக்கணும்?"

கட்டில் முழுக்க ரோஜா இதழ்கள். சாப்பாட்டு மேசை மேல் சீமைச் சாமந்தி. ஜன்னல் கம்பியில் லாவெண்டர் கொத்துக் கொத்தாகத் தலைகீழாய்த் தொங்கியது. நடுவே கத்தரிக்கோலும் கையுமாக மெத்தைக்கடை மேனேஜர்.

"அப்பா, நீங்க வெட்டறது என் புதுப் பாவாடை," என்றாள் மகள்.

"பழசு மாதிரி இருந்துச்சேம்மா."

"வெட்டறதுக்கு முன்னாடி அப்படி இல்ல."

விஷயம் இதுதான். கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். முதலாளி வந்து, "இந்த மாசமும் இப்படியே போச்சுன்னா கடையை மூடிடலாம். நானும் வேற வேலை பாக்கறேன், நீங்களும் வேற வேலை பாருங்க," என்று சிரித்தபடி சொல்லிவிட்டுப் போனார். மேனேஜருக்குச் சிரிப்பு வரவில்லை. மெத்தையைத் தட்டிக்காட்டியே தலை நரைத்தவர். அந்த வயதில் வேறு எதைப் போய்த் தட்டுவது?

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். மெத்தை வாங்குவோருக்கு, காய்ந்த பூக்களைத் துணியில் வைத்துத் தைத்த ஒரு மூலிகைப் பை இலவசம். தலைமாட்டில் வைத்தால் போதும், மனசு லேசாகும், கண் சொக்கும்.

முதல் தடவை எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டு மாவாக அரைத்துவிட்டார். கடைக்கு வந்த அம்மாள் பையை மோந்து பார்த்துத் தும்மினார். பக்கத்தில் நின்ற கணவரும் தும்மினார். தும்மல் நிற்பதற்குள் இருவரும் தெருவுக்குப் போய்விட்டார்கள்.

"அரைக்காதீங்கன்னு அப்பவே சொன்னேன். கையால கசக்கிப் போடுங்க," என்றாள் மனைவி.

கசக்கிப் போட்டார். வாசனையே வரவில்லை. "உள்ள என்ன, வைக்கோலா?" என்று கேட்டார் ஒருவர்.

அதைக் கேட்டு மனைவிக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் கையால தைச்சதை யாரு வைக்கோல்ங்கறது? இங்க கொண்டாங்க." எல்லாவற்றையும் இரண்டு மடங்காக அள்ளிப் போட்டு, லாவெண்டர் எண்ணெயும் விட்டு, அவளே உட்கார்ந்து தைத்தாள்.

இந்தத் தடவை பலித்தது. கொஞ்சம் அதிகமாகவே பலித்தது. தலைமாட்டில் பையோடு மெத்தையில் படுத்துப் பார்த்த ஒரு பேங்க்காரர் எழுந்திருக்கவில்லை.

"சார்... சார்..."

"எழுப்பாதீங்க," என்றாள் அவர் மனைவி. "கல்யாணம் ஆனதிலேர்ந்து இந்த மனுஷன் இப்படிச் சாந்தமா இருந்து நான் பாத்ததில்ல."

சொன்னவள் அடுத்த கட்டிலில் உட்கார்ந்தாள். அப்புறம் சாய்ந்தாள். வெளியிலிருந்து கண்ணாடி வழியே பார்த்தவர்கள், ஏதோ ஆஸ்பத்திரி என்று நினைத்து அடிமேல் அடி வைத்து நகர்ந்தார்கள். அன்று முழுக்க வேறு ஒருவரும் உள்ளே வரவில்லை.

"கடையில யாரையும் படுக்க விடாதீங்க," என்றாள் மேனேஜர் மனைவி. "மெத்தையை வண்டியில ஏத்தின பிறகு பையைக் கையில கொடுங்க."

அப்படியே செய்தார். பேங்க்காரர் வாங்கினார். அவர் சொல்லி அவர் ஆபீஸே வாங்கியது. மேனேஜருக்கு உயிர் திரும்பி வந்தது. பிறகு, குழாயை மூடினாற்போல் வியாபாரம் நின்றது. அந்த நேரம் பார்த்து முதலாளியும் போன் செய்தார். "நாளைக்குக் காலையில வரேன். ஒரு முடிவு பண்ணிடலாம்."

காலையில் கடைச்சாவியோடு போன மேனேஜர், பாதித் தெருவிலேயே நின்று மனைவிக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, கடை வாசல்ல வரிசை நிக்குது. தெருமுனை வரைக்கும்."

"விளையாடாதீங்க."

"எல்லாம் நம்மகிட்ட வாங்கினவங்கதான். ஒவ்வொருத்தர் கையிலயும் நம்ம பை இருக்கு."

"அப்ப சொந்தபந்தத்துக்கு வாங்க வந்திருப்பாங்க."

"நானும் அதேதான் நினைச்சேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "இன்னும் கொஞ்சம் ரோஜா காயப் போடட்டுங்களா?"

முதலாளி காரை விட்டு இறங்கினார். வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். மேனேஜர் தோளில் கையைப் போட்டு, "கடையை மூடறதைப் பத்தி யாருய்யா பேசினது?" என்று கேட்டுவிட்டு, தாமே குனிந்து ஷட்டரைத் தூக்கினார்.

வரிசையில் முதலாவதாக நின்ற பேங்க்காரர் மனைவி உள்ளே வந்தாள். நன்றாகத் தூங்கி எழுந்த முகம்.

"இந்தப் பை இருந்தா வெறுந்தரையிலயே கண்ணு சொக்கிடுது சார். நாங்க எல்லாரும் வாங்கின மெத்தை பின்னாடி லாரியில வருது, எங்க இறக்கச் சொல்ல?"