குப்புசாமி பேரில் மூன்று மீட்டர்

எனக்கு ஒரு வியாதி உண்டு. 'இதை யார் செய்வது?' என்று ஒருவர் கேட்டு முடிப்பதற்குள் 'நான் செய்றேன்' என்று என் வாய் சொல்லிவிடும். மூளை பிறகுதான் விசாரிக்க வரும். வரும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

அப்போது ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், டைம் ஆபீஸில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. விரிஞ்சிபுரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் போவேன். பி.காம். படிப்பு, கையில் புது போன். ரீசார்ஜ், கேஸ் புக்கிங் எதுவானாலும் பஸ்ஸில் எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள். 'நிர்மலா மேடம்' என்று கூப்பிட்டார்கள். (கிண்டல்தான். நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.)

தையல் செக்‌ஷனில் எஸ்தர் அக்கா இருந்தார். மாதனூரில் ஏறுவார். யூனிஃபார்ம் கோட்டில் ஒரு சுருக்கம் இருக்காது. அப்படிப்பட்டவர் ஒரு வாரமாகக் கசங்கிய கோட்டோடு வந்தார். மதியம் இட்லிக்குச் சட்னி இல்லை, ஊறுகாய். கேட்டால், "மிக்ஸி ரிப்பேரு" என்றார். இஸ்திரிப் பெட்டியுமா ரிப்பேர்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாதனூரில் பஸ் நின்றபோது அவர் மகள் ஜெனி என் ஜன்னலருகே வந்தாள். பிளஸ் டூ படிக்கிற பெண்.

"அக்கா, அம்மா கிட்ட சொல்லிடாதீங்க. அம்மா முதுகு வலின்னு ஒரு மாசம் லீவு போட்டாங்கல்ல, பில்லு கட்ட முடியல. ஈ.பி.காரங்க பீஸ் கட்டைய கழட்டிகினு போய்ட்டாங்க. வியாழக்கிழமை பரீட்சை ஆரம்பிக்குது. போன் டார்ச்சுல படிக்கிறேன், கண்ணு வலிக்குது. சர்வீஸ் நம்பர் எழுதித் தரட்டா?"

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றேன். அந்த நம்பரை அப்போதே வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சர்ச்சுக்குப் போயிருந்த நேரம், துப்பறிவாளர் மாதிரி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அந்தக் காம்பவுண்டுக்குள் நுழைந்தேன். கீழே இரண்டு குடித்தனம். மாடியில் வீட்டு ஓனர் ஏகாம்பரம் சார். சுவரில் ஒரு பலகை, அதில் மூன்று மீட்டர். பலகைக்குப் பின்னால் ஈ.பி. வெள்ளை அட்டை ஒன்று செருகியிருந்தது. 'பாவம் அக்கா, கட்ட முடியாத வேதனையில் இங்கேயே செருகிவிட்டுப் போயிருக்கிறார்' என்று உருகி, போட்டோ எடுத்தேன். போனில் நம்பரைப் போட்டுப் பார்த்தால் பெயர் குப்புசாமி, தொகை நாலாயிரத்து எண்ணூற்று எழுபது. எஸ்தர் அக்காவின் அப்பா பெயராக இருக்கும், பழைய பாக்கி சேர்ந்திருக்கும் என்று கேள்விக்கெல்லாம் நானே பதில் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் பஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது கஷ்டம் என்றால் காலி டிபன் பாக்ஸ் ஒன்று சீட்டு சீட்டாகப் போகும். மூடியைப் பாதி திறந்து, கையை உள்ளே விட்டுப் பணத்தைப் போட வேண்டும். யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாரும் பார்க்கக் கூடாது. உதவி பெறுகிறவர் எதிரில் அதைப் பற்றி மூச்சு விடக் கூடாது. அதனால் திங்கட்கிழமை பஸ் மாதனூரைத் தொடுவதற்குள் பாக்ஸ் சுற்றி வந்தாக வேண்டும்.

எழுந்து நின்று பேசினேன். "ஒரு ஃபேன், ஒரு ட்யூப் லைட்டுக்கு நாலாயிரத்து எண்ணூத்தி எழுபது! பரீட்சைக்குப் படிக்கிற பொண்ணு இருட்டுல உக்காந்துருக்கு!" தொண்டை அடைத்தது. (கொஞ்சம் நானே அடைத்துக்கொண்டதுதான்.) டிரைவர் காதர் பாய் சிக்னலில் நின்றபோது பின்னால் கையை நீட்டி நூறு ரூபாய் போட்டார். ஐந்து ரூபாய்க்கு ஷேர் ஆட்டோ ஏறாமல் நடக்கிற பெண்கள் ஐம்பதும் நூறுமாகப் போட்டார்கள். குறைந்ததை நான் போட்டு, பஸ்ஸிலிருந்தே பில்லைக் கட்டினேன். கை தட்டினார்கள். மாதனூரில் எஸ்தர் அக்கா ஏறியதும் எல்லாரும் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் எஸ்தர் அக்காவை முன்னால் போக விட்டு, என் சாதனையைப் பார்க்க நானும் மாதனூரில் இறங்கினேன். எஸ்தர் அக்கா வீட்டில் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. வாசலில் ஏகாம்பரம் சார், கையில் மக்கன் பேடா டப்பா.

"வாம்மா, ஸ்வீட் எடு. மெட்ராஸ்ல எம் பையன் இருக்கானே, ஈ.பி. பில்ல சொல்லாம கொள்ளாம கட்டிட்டான்! நான் கட்டப் போனா, கட்டியாச்சுன்னு வருது. போனே பண்றதில்லன்னு திட்டினு இருந்தேன். பாசம் உள்ள இருந்துருக்கு பாரேன்!"

பேடா பாதி வாயில் இருந்தது. "எவ்ளோ சார்?"

"நாலாயிரத்து எண்ணூத்தி எழுபது. ரெண்டு ஏசி ஓடுதுல்ல?"

"மீட்டரு... யாரு பேர்ல சார்?"

"எங்கப்பா குப்புசாமி பேர்லதான், மூணும். அவரு போயி பதினஞ்சு வருஷமாச்சு. மாத்தணும், எங்க நேரம்?"

பேடா உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அப்படியே எல்லாவற்றையும் சொன்னேன். சார் டப்பாவை மெல்ல மூடினார்.

"அப்போ... பையன் கட்டலியா?"

அதைக் கேட்டதும் நான் அழுதுவிட்டேன். பஸ் பணத்துக்காக இல்லை, அந்த முகத்துக்காக.

அழுகைச் சத்தத்துக்கு எஸ்தர் அக்கா வந்தார். விஷயம் புரிந்ததும் பத்ரகாளி ஆனார்.

"எனக்காக பஸ்ல வசூல் பண்ணியா? உன்ன யாருடி கேட்டாங்க? என் பில்லு ஆயிரத்து நூறுதான்! கார்டு எங்க வீட்டு பைபிளுக்குள்ள இருக்குது!"

மாடியிலிருந்து சாரின் மனைவி இறங்கி வந்தார். அவருக்குப் பேச்சு கம்மி, முடிவு ஜாஸ்தி. "இன்னா எல்லாரும் நின்னுனு இருக்கீங்க? ஆயிரத்து நூற இப்ப எடுத்துக் குடுங்க. மீதிய வாடகையில கழிச்சிக்கலாம். லைட்டு வர்ற வரைக்கும் பொண்ணு மேல வந்து படிக்கட்டும். ஒரு ஏசி ரூமு சும்மாத்தான கெடக்குது."

சார் ஒரு நிமிடம் யோசித்தார். "ஏசிய இருபத்தாறுல வச்சிக்கோம்மா. அதுக்குக் கீழ போவாத" என்றார்.

மறுநாள் பஸ்ஸில் மறுபடி எழுந்து நின்றேன். இந்த முறை தொண்டை தானாகவே அடைத்தது. சொல்லி முடித்ததும் காதர் பாய், "சரியான பேஜாரும்மா நீ" என்றார். மாதனூரில் எஸ்தர் அக்கா ஏறினார். பஸ் முழுக்க மறுபடி மலையைப் பார்த்தது. அவர் இடுப்பில் கை வைத்து நின்று எல்லாரையும் ஒரு சுற்று பார்த்தார்.

"இன்னா, ஏசிக்கு மொய் வச்சிட்டு எல்லாரும் கம்முனு உக்காந்துருக்கீங்க?"

ஆம்பூர் வரும்வரை சிரிப்பு அடங்கவில்லை. அன்றே அக்கா பில்லைக் கட்டினார், மறுநாள் கரெண்ட் வந்தது. ஆனால் ஜெனி பரீட்சை முடியும்வரை மாடியை விட்டு இறங்கவில்லை. கணக்கு சொல்லித் தருகிறேன் என்று பக்கத்தில் உட்கார்ந்து சார் குறட்டை விடுவாராம்.

ஜெனி இப்போது வேலூரில் நர்ஸ். போன வருஷம் கம்பெனியில் ஆர்டர் இல்லாமல் என்னை இரண்டு மாதம் வீட்டில் உட்கார வைத்தார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் அவளிடமிருந்து மெசேஜ் வந்தது: 'அக்கா, ஈ.பி. கார்டு போட்டோ அனுப்புங்க.'

வேண்டாம் என்று எழுதி, அழித்து, கடைசியில் கார்டை அனுப்பினேன். உடனே பதில்: 'கார்டெல்லாம் நம்ப முடியாது. மீட்டர் பக்கத்துல நின்னு செல்ஃபி எடுத்து அனுப்புங்க.'

போய் நின்றேன். என் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தப் போட்டோவைத்தான் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். அதில் என் முகம் அழுது வீங்கியிருக்கிறது. மீட்டர் நம்பர் மட்டும் தெளிவாகத் தெரிகிறது.